நிழலை மடிச்சுக் கட்டுன ஓட்டம்

நம்ம கையில இல்லாதது ஒண்ணு நடுவழியில வந்து நின்னா என்ன செய்வீயன்னுதானே கேக்கீய? செய்யதுக்கு என்ன இருக்கு சார், மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டு ஓட வேண்டியதுதான். சிரிக்காதீய. பேச்சுக்குச் சொல்லல, நெசமாவே சொருகுனதைச் சொல்லுதேன். நீங்க கஸ்டம்ஸுக்கு மாத்தலாகி வந்து ரெண்டு மாசம்தான் ஆவுது, ஷூ வாங்கிட்டீய, கையில கட்டுற வாட்ச்சும் வாங்கிட்டீய, வார ஜனவரியில தூத்துக்குடியில இருந்து திருச்செந்தூர் வரைக்கும் நாப்பத்திரெண்டு கிலோமீட்டர் ஓடப் போறீய. நல்லது. கப்பலைக் கயிறு போட்டுக் கரையோட கட்டி முடிக்க இன்னும் அரைமணி நேரம் ஆவும். டீயைக் குடிங்க. நிழல் கனத்த வருசம் நான் ஓடுனதைச் சொல்லுதேன்.

அதுக்கு ரெண்டு வருசம் முந்தி கிரேன் ஏணியில கால் வழுக்கி என் வலது முழங்கால் முட்டு போச்சு. ஆபரேசன் பண்ணி, கட்டு பிரிச்சு, நான் நல்லா நடந்து போய் நின்னப்போ எங்க கம்பெனி டாக்டர் தனசிங் என் முட்டை ரெண்டு தட்டு தட்டிப் பாத்துட்டு, ‘லைட் டியூட்டி’ன்னு எழுதிட்டாவ. லைட் டியூட்டின்னா என்னன்னா, கேட்டு பக்கத்துல ஒரு கூண்டு, அதுல ஒரு நாற்காலி, லாரிக்காரன் வருவான், சீட்டைக் குடுப்பான், நான் சீல் குத்திக் குடுப்பேன். நூத்திப்பத்து அடி உசரத்துல உக்காந்து, கப்பலைத் தீப்பெட்டி மாதிரிப் பாத்து, ஒரு கண்டெயினரைக் கோழிமுட்டையை வைக்கிற மாதிரி எறக்கி வச்சவன் சார் நான், பதினெட்டு வருசம். ரெண்டு வருசம் சீல் குத்துனேன். கனவுலயும் சீல்தான் குத்துனேன், எம் பொஞ்சாதி முதுகுல. ஒருநாள் பொறுக்க முடியாம டாக்டர் ரூமுக்குள்ள போய், “சார், முட்டு நல்லாயிட்டு, கையெழுத்துப் போடுங்க, நான் மேல ஏறணும்”னேன். அவிய சிரிச்சாவ. நல்ல மனுசன்தான், ஆனா சிரிச்சா நமக்குக் கோவம் வர மாதிரி சிரிப்பாவ. “கொம்பையா, நீ மேல ஏறி முட்டு மடங்குனா கீழ நிக்கிறவன் தலையில இருவது டன்னு. திருச்செந்தூர் மாரத்தானை ஆறரை மணி நேரத்துக்குள்ள முடிச்சிட்டு வா, நானே கையெழுத்துப் போடுதேன்”னாவ. யூனியன் செக்ரட்டரி பக்கத்துல நின்னாரு. நான் அவரைப் பாத்து, “கேட்டுக்கிட்டீயளா அண்ணாச்சி?”ன்னேன். அவரு, “கேட்டுக்கிட்டேன், ஆனா இதுல எனக்குச் சம்பந்தம் இல்ல”ன்னாரு. யூனியன்னா அப்படித்தான்.

எட்டு மாசம் ஓடிப் பழகுனேன். கூட ஓடுனவன் தொம்மை, திரேஸ்புரத்துல மீன்பிடிப் படகுக்கு எஞ்சின் வேலை பாக்கிறவன், என் சேக்காளி. ஜனவரி கடைசி ஞாயித்துக்கெழமை, காலையில அஞ்சு மணிக்குத் துறைமுகத்து கேட்டுல விசில் ஊதுனாவ, ஆயிரத்து நூறு பேரு கெளம்புனோம். இருட்டு, கடக்காத்து, கால் தன்னால போவுது. முள்ளக்காடு தாண்டி, ரெண்டு பக்கமும் உப்பளம், வெள்ளக் குவியல் குவியலா உப்பு, பன்னெண்டாவது கிலோமீட்டர் கல்லு பக்கத்துல நாங்க போவும்போது கெழக்க சூரியன் தலையைக் காட்டுச்சு. காட்டுன அந்த நிமிசம் ஆயிரத்து நூறு பேருக்கும் வலப்பக்கம் நிழல் விழுந்துச்சு, ஒவ்வொண்ணும் பனமர நீளத்துக்கு, விழுந்ததும் கனத்துச்சு.

ஆமா சார், கனத்துச்சு. நனஞ்ச சாக்கை இழுக்கிற மாதிரி. முன்னால ஓடுனவன் அப்படியே வலப்பக்கமா சாஞ்சான், அவனுக்குப் பின்னால வந்தவனும் சாஞ்சான், ரோடு பூராவும் ஆளுக எல்லாம் காத்துல சாஞ்ச நாத்து மாதிரி ஒரே பக்கமா சாஞ்சு நிக்கோம். தொம்மை குனிஞ்சு பாத்துட்டு, “ஏல கொம்பையா, ஷூவுல சேறு ஒட்டிக்கிட்டா?”ன்னான். “சேறு இல்லல, நிழலு”ன்னேன். “ஓ”ன்னான். அவ்வளவுதான். அதுக்கு மேல அதுல பேச என்ன இருக்கு?

ஏன் கனத்துச்சுன்னு அன்னைக்கும் யாருக்கும் தெரியாது, இன்னைக்கும் தெரியாது. கடல்ல ஏதோ ஆச்சுன்னு சொன்னாவ, அனல்மின் நிலையத்துப் புகைன்னு சொன்னாவ, ஒரு சோசியர் ரெண்டு கிரகத்து மேல பழியைப் போட்டாரு. ஆனா அந்த ரோட்டோரத்து ஜனங்க காரணத்தைத் தேடிக்கிட்டு நிக்கல. அவியளுக்கு வேலை கெடந்துச்சு. காக்காய்க எல்லாம் கரண்டு கம்பியில இருந்து எறங்கி, நிழலைத் தூக்கிக்கிட்டுப் பறக்க முடியாம, வரிசையா ரோட்டோரமா நடந்து போச்சு. ஆத்தூர் போற பஸ்ஸு தன் நிழலை இழுக்க முடியாம மொனங்கிக்கிட்டு நின்னுச்சு, கண்டக்டரு படியில நின்னு, “நிழல் கனம், வண்டி போவாது, எல்லாரும் எறங்கிக்கிடுங்க”ன்னாரு, டயர் பஞ்சரைச் சொல்லுத மாதிரி. ஒரு அம்மா கூடையோட எறங்கிக்கிட்டே, “நேத்தே சொல்லக் கூடாதா, நான் ரயில்ல போயிருப்பேன்ல”ன்னு அவரைத்தான் ஏசுனாவ. அன்னைக்கு மட்டும் ஞாயித்துக்கெழமையா இல்லாம இருந்திருந்தா பள்ளிக்கூடத்துக்கு நிழல் லீவு விட்டிருப்பாவ, பிள்ளைகளுக்கு அது ஒண்ணுதான் வருத்தம்.

உப்பளத்துல வேலை செய்யுத பொம்பளைங்க இருக்காவ பாருங்க, அவிய விடியக்காத்தால இருந்தே வேலையில நிக்கிறவிய. சூரியன் வந்ததும் அவியளுக்கும் நிழல் கனத்துச்சு. அவிய என்ன செஞ்சாவ? உப்பு வாருற பலகையைக் கீழ வச்சாவ, குனிஞ்சு நிழலோட ஓரத்தைப் பிடிச்சாவ, கொசுவம் கொசுவமா மடிச்சாவ, இடுப்புல சொருகுனாவ, திரும்பவும் பலகையை எடுத்துட்டாவ. ரெண்டு நிமிசம் ஆயிருக்கும். அதுல ஒரு அக்கா, சண்முகக்கனின்னு பேரு, ரோட்டோரத்துக்கு வந்து நாங்க சாஞ்சு நிக்கிறதைப் பாத்து, “என்ன ஆம்பளைங்களா, துணியை இழுத்துக்கிட்டு நடக்கிற மாதிரி நடக்கீய? தரையில இழுத்தா கல்லு கனம்தான் கனக்கும், இடுப்புல வச்சுக்கிட்டா பிள்ளை கனம். மடிச்சுச் சொருகுங்க”ன்னாவ.

நானும் குனிஞ்சு பிடிச்சுப் பாத்தேன். குளுந்து கெடந்துச்சு, ஈரத் தார்ப்பாய் மாதிரி கையில வழிஞ்சுச்சு. அவனவன் நிழல் அவனவன் கைக்குத்தான் சிக்குச்சு, அடுத்தவன் தொட்டா வெறும் தரைதான். கொசுவம் வைக்க நமக்கு எங்க தெரியும்? மூணாவது மடிப்புல மொத மடிப்பு நழுவுது. ஓடுன பொம்பளைப் பிள்ளைங்க எல்லாம் சடசடன்னு மடிச்சு, ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி சட்டையில நம்பர் குத்தியிருந்த சேப்டி பின்னுல ஒண்ணைக் கழத்தி அதையும் குத்தி, சிட்டா பறந்துட்டாவ. ஆம்பளைங்க நாங்க எண்ணூறு பேரும் ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பாத்தோம். தொம்மைதான் ஆரம்பிச்சான். “பொம்பளை மாதிரி கொசுவம் வச்சுக்கிட்டு என்னால ஓட முடியாது”ன்னு சொல்லி, நிழலை நடுவுல பிடிச்சுத் தூக்கி, சாரத்தை, அதான் லுங்கியை, மடிச்சுக் கட்டுற மாதிரி ரெண்டா மடிச்சு, முன்பக்கம் ஒரு இறுக்கு இறுக்கிக் கட்டிட்டான். நானும் அதையே செஞ்சேன், எண்ணூறு பேரும் அதையே செஞ்சோம்.

சண்முகக்கனியக்கா பாத்துக்கிட்டே இருந்தாவ. “அது அவுந்துரும்.”

“முப்பது வருசமா சாரம் கட்டுதேன்க்கா, ஒருநாளும் தன்னால அவுந்தது கெடையாது.”

“தன்னால அவுறாது”ன்னு சொல்லிட்டு அவிய வேலையைப் பாக்கப் போயிட்டாவ. நான் அதை நின்னு கேட்டிருக்கணும். ஆனா கையில ஆறரை மணி நேரம்தான் இருக்கு, அதுல ஒண்ணே முக்கால் போயிட்டு. ஒண்ணு மட்டும் போறபோக்குல கேட்டேன்: “எக்கா, உச்சி வெயில் வரும்போது நிழல் சின்னதாயிருமே, அப்ப கனம் கொறஞ்சிருமா?” அவிய திரும்பிப் பாக்காமலே, “தண்ணி வத்துனா பாத்தியில உப்பு கொறயுமா?”ன்னாவ. அதை மட்டும் நான் மறக்கல.

இடுப்புல பிள்ளையை வச்சுக்கிட்டு ஓடுற மாதிரி ஓடுனோம் சார், பழையகாயல் தாண்டி, முக்காணி ஆத்துப் பாலம் தாண்டி, வேகம் கொறஞ்சாலும் ஓட்டம் நிக்கல. வழியெல்லாம் ஜனங்க. நம்ம பக்கம் திருச்செந்தூருக்கு நடந்து போறவியளுக்கு மோரும் தண்ணியும் குடுத்துப் பழக்கம், அந்த ரோட்டுல தெக்க பாத்து வாற யாரா இருந்தாலும் அவியளுக்கு முருகன்கிட்ட வேண்டுதல் இருக்குன்னுதான் நெனைப்பாவ. ஒரு பெரியவரு என் கையில தம்ளரைக் குடுத்துட்டு, “நிழலைச் சுமந்துக்கிட்டு வாறதா நேந்துக்கிட்டீயளோ?”ன்னு கேட்டாரு. “ஆமா”ன்னேன். விளக்கிச் சொல்லுததுக்கு மூச்சு இல்ல. “காவடியை விட இது கஷ்டம்தான்”ன்னு சொல்லிட்டு இன்னொரு தம்ளர் ஊத்துனாரு.

ஆத்தூர் வந்ததும் ஒரு பெரிய ஆலமரம். அதோட நிழலுக்குள்ள கால் வச்ச நிமிசம் என் இடுப்புல கனம் போச்சு. மரத்து நிழலுக்குள்ள போயிட்டா மனுசனுக்குத் தனி நிழல் ஏது? உள்ள பாத்தா முந்நூறு பேரு கெடக்கான். பேங்க் மேனேஜர் மேல லோடுமேன் சாஞ்சு கெடக்கான், லோடுமேன் கால்மாட்டுல வக்கீலு கெடக்காரு. எங்க அய்யா காலத்துல அந்தப் பக்கம் சில தெருவுல நம்ம நிழல் பட்டாலே போய்க் குளிச்சவிய உண்டு சார். அன்னைக்கு எல்லாவன் நிழலும் ஒண்ணாக் கலந்து கெடந்துச்சு, குளிக்கணும்னு ஒருத்தரும் சொல்லல. தண்ணியும் பத்தாது, அது வேற. வெத்தலைக் கொடிக்கால்காரவிய கூடை கூடையா வாழப்பழம் கொண்டுவந்து குடுத்தாவ. வக்கீலு சொன்னாரு, “உக்காரும்யா, பன்னெண்டு மணிக்கு நிழல் சாண் அளவு ஆயிரும், கையில எடுத்துக்கிட்டு நடந்துரலாம்.”

நல்ல வார்த்தை. முதுகு அந்த மரத்துல ஒட்டிக்கிடுச்சு. மணி எட்டே முக்கால். நான் ஒரு வாழப்பழத்தைத் தின்னு முடிக்கிற வரைக்கும் உக்காந்தேன். உப்புப் பாத்தி ஞாபகம் வந்துச்சு. பன்னெண்டு மணிக்குச் சாண் அளவு நிழல் கெடைக்கும், ஆனா அந்த ஒரு சாணுக்குள்ள மொத்தக் கனமும் இருக்கும். எந்திச்சேன். தொம்மையும் ஏசிக்கிட்டே எந்திச்சான். மரத்து நிழலை விட்டு வெளிய கால் வச்சதும் அது திரும்பவும் வந்து விழுந்துச்சு, முன்னைக்கு ரெண்டடி கொறஞ்சு, முன்னைக்குக் கூடக் கனத்து. மடிச்சுக் கட்டுனோம். அந்த வக்கீலு சாயங்காலம் வரைக்கும் அங்கேயே இருந்தாரு. உக்காந்த எடத்துல மூணு பேருக்குப் பாகப்பிரிவினை எழுதிக் குடுத்ததாச் சொன்னாவ.

ஆறுமுகநேரிப் பக்கம் மறுபடியும் உப்பளம், ஒரு மரம் கெடையாது, அங்கதான் ஆளுக விழ ஆரம்பிச்சாவ. ஓடிக்கிட்டே பாக்கேன், முன்னால நல்லா ஓடிக்கிட்டிருந்தவன் திடீர்னு சடார்னு முட்டுப் போட்டு விழுதான். நூறு அடி தள்ளி இன்னொருத்தன். ரோட்டுல மைல்கல்லு மாதிரி ஆம்பளைங்க. எல்லாம் திடகாத்திரமான ஆளுக. பொம்பளைங்க ஒருத்தர் கூட விழல. எனக்கு ஒண்ணும் பிடிபடல. தண்ணி குடிக்காம விழுதான்னு நெனச்சேன்.

அப்ப எதுத்தாப்புல ஒருத்தரு சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வந்தாரு. தொம்மையோட மாமனாரு, அவன் பொஞ்சாதி அமலிப்பிள்ளையோட அப்பா. பிள்ளை அவரைக் கேக்காம தொம்மையைக் கெட்டிக்கிட்டுப் போனதுல இருந்து நாலு வருசமா பேச்சுவார்த்தை கெடையாது. தொம்மை அவரைப் பாத்தான். பாத்ததும் அவன் கை அவனைக் கேக்காமலே இடுப்புக்குப் போயி, மடிச்சுக் கட்டுன நிழலை அவுத்து, மரியாதையா கீழ விட்டுச்சு.

புரியுதா சார்? மெட்ராஸ்ல எப்படியோ, எங்க பக்கம் பெரியவிய எதுத்து வந்தா மடிச்ச சாரத்தை எறக்கி விடணும். நடக்கப் படிச்ச நாளையில இருந்து பழக்கம், கண்ணு பாத்தா கை செஞ்சிரும், நடுவுல மூளைக்கு வேலையே கெடையாது. பேசாத மாமனாரா இருந்தாலும் மாமனாரு மாமனாருதானே. அவுத்து விட்ட நிழல் தரையில மோதுன சத்தம் எனக்குக் கேட்டுச்சு. தொம்மை பொத்துன்னு உக்காந்துட்டான். அந்த நேரத்துக்கு அது கருங்கல்லு மாதிரி இறுகிப்போயிட்டு, மடியவும் மாட்டேங்கு, பிடியவும் மாட்டேங்கு. ரோடு பூரா விழுந்து கெடந்தவன் எல்லாம் அப்படித்தான் விழுந்தானாம். ஒருத்தன் வாத்தியாரைக் கண்டு, ஒருத்தன் பெரியப்பாவைக் கண்டு, ஒருத்தன் பழைய எம்.எல்.ஏ.வைக் கண்டு. அந்தக் கடைசி ஆளைத்தான் ஊரே ரொம்ப நாள் கேலி பண்ணுச்சு.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. “ஏல, ஆம்பளை மாதிரி கெட்டுனியே, இப்ப என்னாச்சு?”ன்னேன். தொம்மை உக்காந்த எடத்துல இருந்து, “நீ போ ல. உனக்கு கையெழுத்து வேணும். போ”ன்னான். மாமனாரு சைக்கிளை ஸ்டாண்டு போட்டுட்டு, எங்கயோ பாத்துக்கிட்டு, “தண்ணி எதும் வேணுமான்னு கேளுங்க”ன்னாரு என்கிட்ட. “நீங்களே கேளுங்க மாமா, அவன் எங்கயும் ஓட மாட்டான்”னு சொல்லிட்டு நான் கெளம்பிட்டேன்.

சேக்காளி விழுந்ததைக் கண்ணால பாத்தவன் சார் நான். காரணத்தையும் தெரிஞ்சுக்கிட்டவன். எட்டு கிலோமீட்டர் தூரத்துக்கு, ‘யாரைக் கண்டாலும் அவுக்கக் கூடாது, யாரைக் கண்டாலும் அவுக்கக் கூடாது’ன்னு வாய்விட்டுச் சொல்லிக்கிட்டேதான் ஓடுனேன். காயல்பட்டினத்துல ஒரு ஹாஜியார் நின்னாரு, கையை முதுகுக்குப் பின்னால கெட்டிக்கிட்டுத் தாண்டுனேன். வீரபாண்டியன்பட்டினத்துல பங்குச் சாமியார் நின்னாரு, கண்ணை மூடிக்கிட்டுத் தாண்டுனேன், ஒரு ஆட்டு மேல மோதுனேன், ஆனா தாண்டிட்டேன். நாப்பதாவது கிலோமீட்டர். மணி பதினொண்ணு அஞ்சு. இன்னும் ரெண்டே கால் கிலோமீட்டர், இருபத்தஞ்சு நிமிசம். கோபுரம் தெரியுது. முட்டுல வலி இல்ல. ஜெயிச்சாச்சுன்னு நெனச்சேன்.

ரோட்டோரம் ஒரு சாமியானா, மெடிக்கல் கேம்ப். அதுக்கு வெளிய வெள்ளைச் சட்டை, கழுத்துல ஸ்டெதஸ்கோப்பு, டாக்டர் தனசிங் நிக்காவ. என்னைப் பாத்துட்டாவ. சிரிச்சுக்கிட்டே கையைத் தூக்கி, “அட, கொம்பையா!”ன்னாவ.

எனக்குக் கையெழுத்துப் போட வேண்டிய மனுசன் சார். மரியாதை செஞ்சுட்டேன்.

விழுந்துச்சு. காலையில பனமர நீளத்துக்குக் கெடந்தது அப்ப என் இடுப்பு உசரத்துக்கு வத்திப்போயி, வலப்பக்கத்துல இருந்து பின்பக்கமா திரும்பிக் கெடந்துச்சு, அத்தனை கனமும் அதுக்குள்ள. ரெண்டு முட்டும் ரோட்டுல மோதுச்சு. என் முட்டு சரியில்லன்னு எழுதுன டாக்டருக்கு முன்னாடியே, அவிய ஷூவுக்கு நேரா, முட்டுப் போட்டுக் கெடக்கேன்.

அவிய குனிஞ்சு, நெசமான வருத்தத்தோட, “என்ன கொம்பையா, முட்டு போச்சா?”ன்னாவ.

“முட்டு இல்ல சார், மரியாதை.”

அவியளுக்குப் புரியல. கூட்டம் கூடிட்டு. பச்சை வேட்டி கெட்டுன பாதயாத்திரைக்காரவிய, கடலை விக்கிறவிய, மீன் கூடைக்காரவிய, எல்லாரும். ஆளாளுக்கு ஒரு யோசனை. ஒருத்தரு தண்ணி ஊத்துனா நிழல் இளகும்னாரு. ஒரு மீன்காரம்மா, “ஒரு குடையைக் கொண்டாங்க, நிழலுக்கு நிழல் குடுத்தா போயிரும்லா”ன்னாவ. அதுல விசயம் இருந்துச்சு, டாக்டரே தன் குடையை விரிச்சாவ. விரிச்ச குடையோட நிழலும் கனத்துத்தானே இருக்கும், அது அவிய கையைக் கீழ இழுத்துட்டு, அவிய குடையை விட்டுட்டாவ. அதுக்குள்ள ரேஸ் கமிட்டிக்காரரு சுந்தரவேல் சாரு விசிலை ஊதிக்கிட்டு நடந்து வந்துட்டாரு, ரிட்டயர்டு பி.டி. வாத்தியாரு. “யாரும் ஓடுறவரைத் தொடக் கூடாது, தொட்டா அவர் அவுட்டு.” மீன்காரம்மா, “ஆளைத் தொடல வாத்தியாரே, நிழலைத்தான் தொடுதோம். நிழலைத் தொடக் கூடாதுன்னு உங்க பேப்பர்ல எழுதியிருக்கா?”ன்னாவ. அவரு பாக்கெட்டுல இருந்து விதி எழுதுன தாளை எடுத்து, கண்ணாடியைப் போட்டு, பதினாறு விதியையும் சத்தமா வாசிச்சாரு. எழுதல. “சரி, தொடுங்க”ன்னாரு. நாலு பேரு குனிஞ்சு அள்ளுனாவ, கையில ரோட்டு மண்ணுதான் வந்துச்சு. சொன்னேன்ல, அவனவன் நிழல் அவனவன் கைக்குத்தான்.

இத்தனையும் நடக்கும்போது நான் என்ன செஞ்சேன்னா, இழுத்தேன். பைத்தியக்காரன் மாதிரி முன்னால பாத்து இழுத்தேன். ஒரு அடி கூட நகரல, உள்ளங்கைதான் கிழிஞ்சுச்சு. மணி பதினொண்ணு அடிச்சுப் பன்னெண்டு நிமிசம். அப்பதான் ஒண்ணு ஒறைச்சுச்சு. நான் யாரு? நான் என்னைக்காவது ஒரு சுமையைத் தரையில இழுத்திருக்கேனா? ராத்திரிப் பள்ளிக்கூடத்துல பிசிக்ஸ் வகுப்பு பூரா தூங்குனவன் நான், ஆனா கிரேன் கூண்டுல ஒண்ணு படிச்சேன்: சுமையோட சண்டை போடக் கூடாது. அதை மாத்தவும் முடியாது, கெஞ்சவும் முடியாது. அதோட நடு எங்கன்னு பாக்கணும், கொக்கியை அதுக்கு நேர் மேல கொண்டுபோவணும், ஆட விடாம, நேரா, மெதுவா மேல. நகர்றது எல்லாம் அதுக்குப் பெறவுதான்.

இழுக்கிறதை நிறுத்துனேன். திரும்பி அதைப் பாத்து உக்காந்தேன். தடவிப் பாத்தேன். தலைப்பக்கம் லேசு, கால்பக்கம் லேசு, நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழதான் மொத்தக் கனமும் கெடந்துச்சு. ரெண்டு கையையும் அந்த எடத்துக்கு அடியில குடுத்தேன். முட்டை முழுசா மடக்கிக் குந்துனேன், அந்த வலது முட்டையும்தான். மூச்சை இழுத்துப் பிடிச்சேன். சுந்தரவேல் சாரு வாயில விசிலு அப்படியே இருக்கு.

நேரா, மெதுவா, மேல.

முட்டுல இருந்து ஒரு சத்தம் வந்துச்சு, டக்குன்னு. டாக்டர் கண்ணை மூடிட்டாவ. அது முட்டு ஒடஞ்ச சத்தம் இல்ல சார், ரெண்டு வருசமா நாற்காலியில மடங்கிக் கெடந்த முட்டு நிமிந்த சத்தம். எந்திச்சு நின்னேன். நிழல் தோள்ல ஏறிட்டு. ஒரு பாதயாத்திரைக்கார அம்மா தலையில வச்சிருந்த சும்மாட்டை எடுத்து, என்னைத் தொடாம, என் தோளுக்கும் நிழலுக்கும் நடுவுல ஒரு தள்ளுத் தள்ளி விட்டுட்டாவ. சுந்தரவேல் சாரு அதைப் பாத்தாரு, திரும்பிக் கடலைப் பாத்துட்டாரு.

ரெண்டே கால் கிலோமீட்டர். ஓட்டம்னு சொல்ல மாட்டேன், வேகமான நடை. எதுத்தாப்புல எங்க கம்பெனி எம்.டி.யே வந்து நின்னிருந்தாலும் கவலை இல்ல, ரெண்டு கையும் சுமையில இருக்கு, அவுக்க ஒண்ணும் இல்ல. முடிவுக் கோட்டுக்கு நான் போனப்ப மணி பதினொண்ணு நாப்பத்தொண்ணு. பதினோரு நிமிசம் லேட்டு. மிதிச்சா டைம் பதியுற பாயைச் சுருட்டிக்கிட்டிருந்தாவ. ஆயிரத்து நூறு பேருல முடிச்சது முந்நூத்திப் பத்து, அதுல ஆம்பளைங்க இருபத்தாறு. மொதல்ல வந்தது அந்த நர்ஸுதான், பின்னு குத்துன பிள்ளை.

நான் ஒரு சுவரு நிழலுக்குள்ள போயி உக்காந்தேன். பதினோரு நிமிசத்துக்கு யாரைக் குத்தம் சொல்ல? சூரியனை ஏச முடியாது. என் கையை ஏசலாம், ஆனா அந்தக் கை அன்னைக்குத்தான் அதையும் தூக்குச்சு. திங்கக்கெழமை சீல் குத்தணும்னு நெனச்சுக்கிட்டே கண்ணை மூடிட்டேன்.

டாக்டர் வந்தது ரெண்டரை மணிக்கு. அவிய ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணிப் பாத்திருக்காவ, அது தன் நிழலை இழுக்க மாட்டேன்னுட்டு. அதனால நடந்திருக்காவ. படிச்ச மனுசன், கொசுவமும் தெரியாது, மடிச்சுக் கட்டவும் தெரியாது, எப்பவும் பேண்டுதானே. ரெண்டே கால் கிலோமீட்டரும் தன் நிழலைத் தரதரன்னு இழுத்துக்கிட்டே வந்திருக்காவ. சட்டை பூரா வேர்வை. என் பக்கத்துல வந்து அந்தச் சுவரு நிழலுக்குள்ள உக்காந்து, ரொம்ப நேரம் தன் முட்டைத் தடவிக்கிட்டே இருந்தாவ. பெறவு, “அதைத் தூக்கிக்கிட்டா நீ வந்த?”ன்னாவ.

“ஆமா சார். பதினோரு நிமிசம் லேட்டு சார்.”

“வாயை மூடு”ன்னாவ.

சூரியன் எறங்குனதும் எல்லாருக்கும் கனம் போச்சு, மறுநாள் காலையில வழக்கம்போல வெறும் நிழல். தொம்மை ராத்திரி வீட்டுக்கு வந்தான், மாமனாரு சைக்கிள்ல பின்னால உக்காந்து. எட்டு மணி நேரம் ஒரே எடத்துல கெடந்தா எவ்வளவு நேரம்தான் பேசாம இருப்பாவ? அடுத்த வருசம் மாரத்தானுக்கு கமிட்டிக்காரவிய பதினேழாவது விதி ஒண்ணு சேத்தாவ: ஓட்டத்தின்போது பெரியவர்களுக்கு வாயால் மட்டும் வணக்கம் சொல்லவும். அந்தப் பக்கத்து ஜனங்க இன்னைக்கும் ஜனவரி மாசம் ரோட்டைத் தாண்டும்போது குனிஞ்சு நிழலை ஒரு தட்டுத் தட்டிப் பாத்துட்டுத்தான் தாண்டுவாவ, மழை வருதான்னு கையை நீட்டிப் பாக்கிற மாதிரி. நீங்களும் பதினஞ்சு நாளைக்கு வீட்டுல கொசுவம் வச்சுப் பழகிக்கிடுங்க, மேடம் சொல்லிக் குடுப்பாவ. கேக்க வெக்கமா இருந்தா சேப்டி பின் வாங்கிக்கிடுங்க.

என்ன எழுதிக் குடுத்தாவன்னா கேக்கீய? செவ்வாக்கெழமை என்னைக் கூப்புட்டு விட்டாவ. முட்டைத் தட்டிப் பாக்கல. ஃபாரத்தை எடுத்தாவ, பேனாவைத் தொறந்தாவ. அதுல ஒரு கட்டம் இருக்கு, டைமுக்குள்ள முடிச்சாரா, இல்லன்னா என்ன உடல் கோளாறுன்னு. அவிய பேச்சுக்குச் சொன்ன மாரத்தான் கண்டிசனை யூனியன்காரரு அதுக்குள்ள ஆபீசுல எழுத்துல வாங்கி வச்சிருந்தாரு, சம்பந்தம் இல்லாமலே. டாக்டர் பொய் எழுத மாட்டாவ. ரொம்ப யோசிச்சு, தமிழ்லயே எழுதுனாவ: ‘பதினோரு நிமிடம் தாமதம். காரணம்: மரியாதை. முட்டு நலம்.’ ஆபீசு கிளார்க்கு அதை வாசிச்சுட்டு, இந்தச் சீக்கு தொத்துமான்னு டாக்டருக்கு போன் போட்டுக் கேட்டான் சார். அதுக்கு அவிய என்ன பதில் சொன்னாவன்னா—

“கொம்பையாண்ணே! கப்பல் கட்டியாச்சு, மொத பெட்டி ரெடி, ஏறுங்க!”

ஆங், வாறேன்ல! கத்தாத.

டீ கிளாஸை அந்தக் கம்பி மேல வச்சிருங்க சார். இன்னும் நூத்திப்பத்து அடி ஏறணும்.